பல்லாவரம் கிளை, நகைக்கடன்

டோக்கன் முப்பத்தொன்று.
வளையல் கழற்ற
சோப்புத் தண்ணீர் கேட்கிறார் தில்ஷாத்.
கேனில் அடிமட்டம்தான் மிச்சம்.
பியூன் சாய்த்துப் பிடித்து
அரை டம்ளர் தருகிறான்.

"பம்மல்ல வீடு. போர் போடறோம்.
முந்நூத்தம்பது அடி போயிட்டான், வெறும் புழுதி.
இன்னும் நூறு அடி போனா கிடைக்கும்ங்கறான்."

உரைகல்லில் ஒரு கோடு இழுக்கிறேன்.
அமிலம் ஒரு சொட்டு.
கோடு அப்படியே நிற்கிறது.
இருபத்திரண்டு காரட், பதினாறு கிராம்,
அரக்குக்கு அரை கிராம் கழிவு.

நான் படித்தது நிலவியல்.
பதினோரு வருடமாக
இந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
தராசுக்குப் பக்கத்தில்
ஒரு கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு நிலங்கள் முட்டிக்கொண்டன.
அவசரமில்லை, நகம் வளரும் வேகம்.
இடையில் கிடந்த கடலின் தரை
மடிந்து புதைந்து சூடேறியது.
கல்லுக்குள்ளும் தண்ணீர் உண்டு,
மொள்ள முடியாத தண்ணீர்,
படிகத்துக்குள் பூட்டியது.
சூடு ஏற ஏறப் பூட்டு விட்டது.
கல் வியர்த்தது.

கிளம்பிய தண்ணீர் வெறுங்கையோடு போகவில்லை.
ஒரு டன் பாறைக்கு
ஒரு மில்லிகிராமோ இரண்டோ,
சௌகார்பேட்டைப் பட்டறை வாசலில்
விடிகாலை மண்ணைக் கூட்டி அள்ளுகிறவர்கள் மாதிரி
வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டே போனது.
பொன் தனியாகக் கரையாது.
கந்தகம்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது.

மேலே வழி அடைத்திருந்தது.
கீழே குக்கர் மாதிரி ஏறியது அழுத்தம்.
ஒருநாள் மலைக்கு அடியில்
ஒரு நடுக்கம்.
விரிசல் வாய் திறந்த நொடியில்
அழுத்தம் பொத்தென்று விழுந்தது,
தண்ணீர் ஆவியாய்ச் சிதறியது,
சுவரெல்லாம் வெண்கல் உறைந்தது.
வழியில் இரும்பைப் பார்த்த கந்தகம்
பிடித்திருந்த கையை விட்டது.
விட்ட இடத்திலேயே நின்றுவிட்டது பொன்.

விரிசல் மூடியது. மறுபடி ஏறியது.
மறுபடி உடைந்தது.
ஆயிரம் தடவையோ பத்தாயிரமோ,
யார் எண்ணினார்கள்.

அந்த மலை இப்போது இல்லை.
இருநூற்றைம்பது கோடி வருடம்
மழை தின்றது போக மிச்சம்
அதோ ஜன்னலில் தெரிகிறது,
டவர் நட்ட, பாதி உடைத்த கருங்குன்று.
மலையின் அடிவயிறு அது.
தண்ணீரெல்லாம் கைவிட்டுப் போன கல்.
பரங்கிமலையும் அதே கல்.
பம்மலுக்குக் கீழேயும் அதே கல்.
இங்கிருந்து போன பொன் எங்கே இறங்கியதோ,
கோலார் என்று சொல்ல ஆசைதான்,
என் பழைய பேராசிரியர்
சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

தில்ஷாத்திடம் இதில் எதைச் சொல்ல?
அன்று தண்ணீர் போகும்போது
பொன்னை எடுத்துக்கொண்டு போனது.
இன்று பொன்னைக் கொடுத்துத்
தண்ணீரைத் திருப்பிக் கேட்கிறோம்,
அதே கல்லிடம்,
ஒன்பதரை வட்டிக்கு.

சொல்லவில்லை. கேட்டேன்:
"புழுதியில வெள்ளைக் கல்லு எதுனா வந்துச்சா?"
"நேத்து சாயங்காலம், கல்லுப்பு மாதிரி கொஞ்சம்.
ஏம்மா?"
"அங்க பழைய விரிசல் ஒண்ணு இருக்கும்.
விரிசல் இருந்தா தண்ணி இருக்கலாம்."
"இருக்கலாமா, இருக்குமா?"

பேனாவை நீட்டினேன்.
மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
மணிக்கட்டில் வளையல் இருந்த இடம்
வெளுத்து, ஈரமாக.

சோப்பிலும் போகவில்லை,
வளையலின் செதுக்கலுக்குள்
பம்மல் கல்லின் சாம்பல் புழுதி.
ஊதிவிட்டு எடை போடுவதுதான் விதி.
ஊதவில்லை.
உறையிலிட்டு அரக்கு வைத்தேன்.

டோக்கன் முப்பத்திரண்டு.